பழைய கார்களின் அடிச்சட்டத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய கார்களைப் பேணிவருபவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெசா, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களின் படங்களை அத்தனை அழகாக அச்சிட்டிருந்தீர்கள். ஆனால் கட்டுரை முழுவதும் பெயின்ட், குரோமியப் பூச்சு, இருக்கை உறை, முகப்பு விளக்கு ஆகியவற்றைப் பற்றியே பேசிவிட்டு, அந்தக் கார்களைத் தாங்கி நிற்கும் அடிச்சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிந்துவிட்டது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகள் வெல்டிங் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாகத்தான் இருக்கும். உயிர் தொடர்பான விஷயம் என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களும், பல மாடல்களில் இன்ஜினின் எடையும், வந்து சேரும் தனி இரும்புச் சட்டத்தையே சப்ஃபிரேம் என்கிறோம். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் கிராஸ் மெம்பர் என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த மினி காரில் முன்னும் பின்னுமாக இரண்டு சப்ஃபிரேம்கள் இருந்தன. அவற்றில் பின்பக்கச் சட்டம் துருப்பிடித்து இற்றுப்போவது அந்நாட்டில் பழைய கார் வைத்திருப்போர் எல்லாருக்கும் தெரிந்த கதை. நம் நாட்டில் 1984 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட கான்டெசா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரை அடியொற்றியது. அதன் முன்சக்கர அமைப்பு பாடியோடு போல்ட்டால் பிணைக்கப்பட்ட தனிச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ முழுநீளத் தனி சேஸ் உண்டு. அதன் இரு பக்கமும் கைகள்போல நீண்டு பாடியைத் தாங்கும் துண்டுகளைத்தான் துரு முதலில் தின்னும். அம்பாசிடரும் பத்மினியும் பாடியும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த வகையைச் சேர்ந்தவை என்றாலும், தகட்டை மடித்துப் பெட்டிபோலச் செய்த அவற்றின் தாங்குபாகங்களுக்கு வரும் நோய் வேறல்ல.

நம் மாவட்டத்தில் இந்த நோய் ஏன் கூடுதல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை, ஆனி ஆடியில் கடலிலிருந்து உப்பைச் சுமந்து வரும் கச்சான் காற்று ஆகிய அனைத்தும் ஒரே இரும்பின் மேல் விழுகின்றன. உப்பில் உள்ள குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உயிர்வாயுவும் இரும்பைத் தின்பதற்கு வழி செய்துகொடுக்கும். முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிற நாம், அதே காற்றில் நிற்கும் காரின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை.

என் மைத்துனரின் அனுபவத்தைச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலுக்கு அருகே ஒரு வீட்டில் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த கான்டெசா ஒன்று, ஒரு பட்டறையில் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. கரும்பச்சை வண்ணத்தில் புதுமணப்பெண் போல நின்ற அந்த வண்டியின் அடிப்பாகம் முழுவதும் தார் கலந்த கறுப்புப் பூச்சு மின்னியது. "அடி எல்லாம் கோட்டிங் போட்டாச்சு, இனி பத்து வருசத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று விற்றவர் சொன்னதை மைத்துனர் நம்பினார். பதிவுப் புதுப்பிப்புக்கான சோதனையிலும் வண்டி தேறியது. வாங்கி இரண்டு மாதம் ஆகும் முன்பே, "அத்தான், வண்டி எடப் பக்கமா வலிக்குது" என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். வீல் அலைன்மென்ட் செய்தால் ஒரு வாரம் நேராக ஓடும், பிறகு மீண்டும் இழுக்கும். இடப்பக்க முன்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. டயரையும் மாற்றினார். அன்றைக்கே காரின் அடியைப் பார்க்காமல் விட்டேனே என்று நான் வருந்தாத நாளில்லை.

வில்லுக்குறி அருகே சாலைப் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியபோது, கீழ் ஆர்மைப் பிடித்திருந்த தகடு சப்ஃபிரேமிலிருந்து கிழிந்து வந்துவிட்டது. சக்கரம் உள்ளே சாய, வண்டி சாலையைக் கீறிக்கொண்டு போய் நின்றது. மெதுவாகச் சென்றதால், பின் இருக்கையில் பேரப்பிள்ளைகளோடு இருந்த என் தங்கைக்கும் யாருக்கும் காயம் இல்லை.

வண்டியை என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்கு இழுத்துவந்து ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். கிழிந்த இடத்திலிருந்து தொடங்கி ஸ்கிராப்பரால் கறுப்புப் பூச்சைச் சுரண்டியபோது, தோசையைத் திருப்பி எடுப்பதுபோல அது பெரிய பெரிய பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் ரெசின் தடவிய ஃபைபர் துணி. துணிக்கு அடியில், ஓட்டையை அடைப்பதற்காகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே தமிழ் எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தன. சட்டத்தின் நல்ல இடத்தில் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தால் தகடு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்தது. கிழிந்த விளிம்பில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, விரலால் மடிக்க முடிந்தது. பெட்டிச் சட்டத்துக்குள் இருந்து இரண்டு கைப்பிடி சிவப்பு மணலும் துருச் செதிலும் கொட்டின. தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பாளரே அடியில் விட்டிருந்த துளைகள் தார்ப்பூச்சால் அடைபட்டிருந்தன.

இந்த ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துருவின் மேல் அடிக்கும் கறுப்புப் பூச்சு பாதுகாப்பு அல்ல. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொண்டது. இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்புக்குள் அது வளரும்போது ஆப்பு வைத்ததுபோல, தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளைப் பிளந்துவிடும். மேலே தார் இருந்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை; வெயிலில் காய்ந்து வெடித்த தார் புதிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சப்ஃபிரேம் போன்ற பெட்டிச் சட்டங்கள் வெளியிலிருந்து இற்றுப்போவதைவிட உள்ளிருந்து இற்றுப்போவதே அதிகம். வெளியே துரு தெரியும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் வேஸ்ட் ஆயிலும் டீசலும் பீச்சுகிற வழக்கமும் நமக்கு உண்டு. அது இரும்பைச் சில நாள் காக்கலாம், ஆனால் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். எண்ணெயில் ஒட்டும் மண் மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைக் கழுவி நன்றாக உலரவிட்டு, குழியின் மேலோ ராம்பிலோ ஏற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஒரு சிறு சுத்தியல், முனை மழுங்கிய ஸ்குரூடிரைவர், கம்பி பிரஷ், காந்தம், டார்ச் விளக்கு ஆகியவை போதும். சுத்தியலால் சட்டம் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடத்தில் ஒலி செத்துப்போகும். தேங்காயைத் தட்டி முற்றல் பார்க்கத் தெரிந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாடு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஒலி மாறும் இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது. கைப்பேசியோடு இணையும் சிறு குழாய்க் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வடிதுளை வழியே அதை விட்டால் பெட்டியின் உட்புறத்தையே கண்ணால் காணலாம். துளை அடைபட்டிருந்தால் அதுவே முதல் குற்றப்பத்திரிகை.

எங்கே பார்ப்பது என்று பலர் கேட்பார்கள். சப்ஃபிரேமைப் பாடியோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றி முதலில் பாருங்கள். சட்டம் உறுதியாக இருந்து, அது பிடித்திருக்கும் பாடித் தகடு இற்றிருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். அடுத்து ஆர்ம்கள் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடம், இன்ஜின் மவுன்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பேட்டரித் தட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதியை மறக்கக் கூடாது. ஆசிட் சொட்டிச் சொட்டி அங்கே பெயின்ட் எப்போதோ போயிருக்கும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து மூட்டுகளைக் கவனித்தால், அசையக் கூடாத இடம் அசைவது தெரியும். ஜாக் வைக்கும்போது நெரியும் சத்தம் கேட்டாலும், ஜாக்கில் தூக்கியிருக்கும்போது கதவு சரியாக மூட மறுத்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அலைன்மென்ட் நிற்காமல் திரும்பத் திரும்ப மாறுவது டயரின் குற்றமாக இருப்பது அரிது. என் மைத்துனரின் வண்டி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

சட்டம் கோணியிருக்கிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கொண்டே அளக்கலாம். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சட்டத்தின் இரு போல்ட்டுகளிலிருந்தும், பின்பகுதியில் இரு பக்கமும் ஒத்த இரு புள்ளிகளிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வண்டியை வாங்குவதற்கு முன் நன்றாக யோசிப்பது நல்லது.

இனிப் பழுதுபார்ப்பது. என் மாணவரும் நானும் அந்தக் கான்டெசாவின் சட்டத்தை ஏறத்தாழ ஏழு வாரம் எடுத்துச் சரிசெய்தோம். அதில் வெல்டிங் செய்தது மூன்றே நாள். மற்றதெல்லாம் கழற்றுவதும் சுத்தம் செய்வதும் அளப்பதும் பூச்சுமாகவே போனது. பட்டறைகள் அவசரப்படுவது இந்த மற்ற வேலைகளில்தான்.

கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொண்டோம். ஆர்மின் அடியில் அளவைச் சரிசெய்ய வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிக் கட்டி வைத்தோம். பேட்டரி இணைப்பைப் பிரித்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தோம். இன்ஜினை மேலிருந்து செயின் பிளாக்கில் தொங்கவிட்டோம். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அழுந்திய ஸ்பிரிங் எகிறினால் கையைப் பறித்துவிடும், கம்பிரசர் கருவி இல்லாமல் தொடவே கூடாது. பல ஆண்டு இறுகிய போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெயை இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் விட்டோம். அப்படியும் இரண்டு போல்ட்டுகள் முறிந்தன. பாடிக்குள் பூட்டியிருந்த நட்டுகளை எடுக்கத் தகட்டில் சிறு ஜன்னல் வெட்டிப் பின்னர் மூட வேண்டியிருந்தது.

சட்டத்தை வெளியே எடுத்ததும் முதல் கேள்வி, இதைச் சரிசெய்யலாமா, எறிந்துவிட வேண்டுமா என்பது. என் கணிப்பைச் சொல்கிறேன்: ஆர்ம்கள் பிடிக்கும் இடம் இரு பக்கமும் இற்றிருந்து, அளப்பதற்கு நம்பகமான புள்ளி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால், வேறு நல்ல சட்டம் கிடைக்கும்வரை அந்த வண்டி நின்றே கிடக்கட்டும். எங்கள் வண்டியில் வலப்பக்கம் முழுமையாக நன்றாக இருந்ததால், அதை அளவாகக் கொண்டு இடப்பக்கத்தை எழுப்ப முடிந்தது.

சுத்தம் செய்வதற்குப் பலர் சாதாரண மணலையே பீச்சியடிக்கிறார்கள். அந்த மணலின் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போய் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும் என்பதை, கூலிக்கு அந்த வேலை செய்யும் இளைஞர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் கார்னெட்டும் ஒன்று. இரும்பைச் சுத்தம் செய்ய உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள், கட்டற்ற சிலிக்கா அதில் மிகக் குறைவு. நாங்கள் கார்னெட்டையே பயன்படுத்தினோம். அப்போதும் முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். பீச்சியடித்து வெள்ளி போல மின்னிய சட்டத்தை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, சூடான காற்றால் உடனே உலர்த்தினோம். கடலோரத் துருவில் உப்பு இரும்பின் நுண்குழிகளுக்குள் புகுந்திருக்கும். அதைக் கழுவாமல் பிரைமர் அடித்தால் பெயின்டுக்கு அடியிலேயே கொப்புளம் கிளம்பும். துருவைக் கறுப்பாக மாற்றும் ரசாயனத் திரவங்கள் சிறு மேல்துருவுக்குச் சரிதான், செதில் செதிலாக இற்ற இடத்தில் அவற்றால் பயனில்லை.

வெட்டுவதற்கு முன் சட்டத்தின் இரு கைகளையும் ஆங்கிள் இரும்பால் குறுக்கே கட்டினோம். இது இல்லாமல் வெட்டினால் வெல்டிங் சூட்டில் சட்டம் தன் விருப்பத்துக்கு இழுத்துக்கொள்ளும். இற்ற பகுதியை, ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல், பளபளக்கும் முழுக்கனத் தகடு வரும்வரை வெட்டினோம். பழைய தகட்டின் மேல் புதிய தகட்டை ஒட்டுப்போடுவதுதான் நம் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தங்க ஒரு பையைத் தைத்துக் கொடுத்தது போலாகிவிடும். அதே கனத்தில் புதிய தகடு வெட்டி, அதே வடிவில் மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடு வெல்டிங்கால் இணைத்தோம். கம்பி 0.8 மில்லிமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டாமல், இரண்டு சென்டிமீட்டர் ஒரு பக்கம், அடுத்து எதிர்ப்பக்கம், இடையிடையே கை வைத்துத் தொடும் சூட்டுக்கு ஆறவிட்டு, மீண்டும் வைப்பதே முறை. கட்டடக் கம்பிக்கு வைக்கும் ஆர்க் வெல்டிங்கை மெல்லிய தகட்டில் வைத்தால் எரிந்து ஓட்டையாகும், அல்லது மேலே அழகாக உட்கார்ந்து உள்ளே ஊடுருவாமல் போகும். மேலே தெரியும் மணிவரிசையை மட்டும் பார்த்து வெல்டிங்கின் தரத்தை முடிவுசெய்யக் கூடாது என்று நான் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது இதனால்தான். முடிந்ததும் சிவப்புச் சாயமும் வெள்ளைத் திரவமும் தெளித்து விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்தோம். ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. அதைக் கிரைண்டரால் தோண்டி மீண்டும் வெல்டு வைத்தோம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சேஸ் எண் பொறித்த பகுதியைத் துரு என்ற பெயரில் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அது இற்றிருந்தால், வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.

பூச்சில் நான் ரெட் ஆக்சைடை மட்டும் நம்புவதில்லை. ஈரம் அதன் ஊடே நுழையும். எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மடிப்புகளில் சீலர், அதன் மேல் சேஸ் பிளாக் என்ற கறுப்புப் பெயின்ட் என்பதே எங்கள் வரிசை. ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங்கைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கல் பட்டுத் தெறித்த இடத்தில் ஈரம் புகுந்து அடியில் ஓடினாலும் மேலே தோல் போல ஒட்டிக்கொண்டு துருவை மறைக்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு, வடிதுளை வழியே நீண்ட குழலை விட்டு மெழுகுத் திரவம் பீச்சினோம். பின்னர் ஒரு கம்பியால் அந்தத் துளைகளைத் திறந்துவிட்டோம். அவை எப்போதும் திறந்திருக்க வேண்டும். புதிய புஷ்கள், குறித்த தரத்தில் புதிய போல்ட்டுகள் போட்டு, குறித்த விசைக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். ரப்பர் புஷ் உள்ள மூட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். அதன் பிறகு செய்த அலைன்மென்ட் இரண்டு ஆண்டாக நிற்கிறது.

இனி அரசும் பொதுமக்களும் கவனிக்க வேண்டியது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் சோதித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவுசெய்ய விதிகளைக் கொண்டுவந்தது. அதை நான் மனமார வரவேற்றேன். ஆனால் நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க வரும் ஒரு பழைய கார், ராம்பில் ஏறி, அடியில் சுத்தியல் தட்டுப்பட்டு, அதன் முடிவு எழுத்தில் உரிமையாளர் கையில் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இங்கிலாந்தின் ஆண்டுச் சோதனையில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு: சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போன்றவை பிடிக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தாங்குசட்டம் உறுதி குலையும் அளவு துருப்பிடித்திருந்தால் வண்டி தேறாது. இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு டேப்பும் ஒரு சுத்தியலும் இருந்தால் போதும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர மாவட்டங்களிலாவது இதை முதலில் நடைமுறைப்படுத்தலாம்.

பட்டறை நடத்தும் சகோதரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அடியைத் திறந்தால் செலவு கூடும், வாடிக்கையாளர் மறுப்பார், அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்ற அவர்கள் அச்சம் உண்மையானது. உரிமையாளர்களாகிய நாமே பெயின்டுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு அடிச்சட்டத்துக்குப் பேரம் பேசுகிறோம். கறுப்புப் பூச்சு அடிப்பதற்கு முன் சட்டத்தை வெறும் இரும்பாகப் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொருவரும் கேட்டால் இந்த நிலை மாறும். வாங்குபவர்களும் அந்தப் படம் இல்லாத வண்டிக்கு விலை பேச வேண்டாம். நாகர்கோவிலின் கோணம் பகுதியில் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. மெல்லிய தகட்டில் வெல்டிங், துரு அளவிடல் ஆகியவற்றில் பணியில் உள்ள, தகட்டு வேலை செய்யும் டிங்கர்களுக்கு மாலை நேரப் பயிற்சி ஒன்று தொடங்கினால், ஓய்வுபெற்ற என் போன்றோர் ஊதியம் எதிர்பாராமல் வந்து கற்பிக்க அணியமாக இருக்கிறோம்.

வெட்டி எடுத்த அந்த இற்ற துண்டைச் செய்தித்தாள் சுருளோடு அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்த முறை பழைய கார்களைப் படமெடுக்கத் தங்கள் புகைப்படக்காரர் வரும்போது, ஒரு காரையாவது ராம்பில் ஏற்றச் சொல்லி, அடியிலிருந்து ஒரு படம் எடுத்து, மேலே மின்னும் பெயின்ட் படத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர்,
நாகர்கோவில்.